சூடான இன்ஜினும் பாதிச் சேதியும்

"செல்ஃப் அடி!"

அடித்தாள். கர்ர்ர் என்று சுற்றியது இன்ஜின். சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. பற்றவில்லை.

"போதும் விடு. பேட்டரி பாவம்."

பானெட்டுக்குள் இடுப்பு வரை புதைந்திருந்த மெக்கானிக் தலையை வெளியே எடுத்தான். மூக்கு நுனியில் கரி. ஸ்டீயரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவள் அவன் மனைவி. ஒரு கையில் சாவி, மறு கையில் போன். போனில் அவளுடைய அண்ணன், வக்கீல். வண்டி அவருடையது.

மஞ்சள் நிற, இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார். அந்தக் காலத்தில் வாங்கிய வண்டி என்றாலும் மினுக்கலுக்குக் குறைச்சல் இல்லை. காலையில் சாவியைத் தொட்டால் போதும், சீறிக்கொண்டு கிளம்பும். ஒரு ஓட்டம் ஓடி, சூடேறி, நிறுத்திவிட்டால் வந்தது வம்பு. இன்ஜின் ஆறுகிற வரை என்ன கெஞ்சினாலும் கிளம்பாது. கோர்ட்டு வாசலில் பத்துப் பேர் பார்க்க வக்கீல் தன் காரைத் தானே தள்ளியதை அந்தப் பத்துப் பேரும் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார்கள்.

"என்னவாம்?" என்றார் போனில்.

அவள் போனைக் கையால் பொத்திக்கொண்டு கணவனைப் பார்த்தாள்.

"வண்டிக்கு வயசாச்சுன்னு சொல்லு உங்கண்ணன்கிட்ட. வண்டிக்கு மட்டும் இல்லேன்னும் சொல்லு."

கையை எடுத்தாள். "பழைய வண்டி இல்லையா, நிதானமாப் பாக்கணுமாம் அண்ணா."

"ஆமா, அவருக்கு எல்லாமே நிதானம்தான். ஆமைகூட இவரைப் பாத்தா ஹாரன் அடிக்கும்."

மறுபடி பொத்தினாள். "சரி, உங்க இஷ்டம், பொறுமையாப் பாருங்கன்னு சொல்றாரு."

இப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது குடும்பம். சில வருஷம் முன்னால், தன் மகளின் பிறந்தநாள் விருந்தில், வந்தவர்கள் எதிரே வக்கீல் ஒரு வார்த்தை விட்டார்: "எங்க மாப்பிள்ளைகிட்ட கை குலுக்கினா சோப்பு இலவசம்." எல்லோரும் சிரித்தார்கள். தட்டில் கை வைத்திருந்த மெக்கானிக் எழுந்து போனவன்தான். அதன்பிறகு மைத்துனனும் மாப்பிள்ளையும் நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் அந்த வண்டியை வேறு யாரிடம் கொடுத்தாலும் போனதைவிட மோசமாகத் திரும்பி வந்தது. மெக்கானிக்கும் அதைக் கொண்டுவராதே என்று சொல்லவில்லை. "மனுஷன் பண்ணினதுக்கு வண்டி என்ன செய்யும்?" என்பான்.

நடுவில் அவள். அண்ணன் மகள் அவளுக்கு வைத்த பெயர் 'தபால் அத்தை'. தபால் என்றால் வந்ததை வந்தபடி கொடுக்க வேண்டும். இவளோ உறையைப் பிரித்து, முள்ளை எடுத்துவிட்டு, கொஞ்சம் சர்க்கரை தூவி ஒட்டித்தான் கொடுப்பாள். இரண்டு பக்கத்தாரும் நிம்மதியாகத் தூங்கினார்கள். அவளுக்குத்தான் சமயத்தில் எது யார் சொன்னது என்றே மறந்துபோகும்.

மெக்கானிக் பிளக்கைக் கழற்றிப் பார்த்தான். பொறி நன்றாகவே விழுந்தது. செல்ஃப் மோட்டாரும் சுற்றுகிறது. மிச்சம் பெட்ரோல்தான். பெட்ரோல் குழாயில் அழுத்தம் காட்டும் மீட்டரை மாட்டினான். இன்ஜின் ஆறும் வரை காத்திருந்து, கிளப்பி, சூடாக்கி, நிறுத்தச் சொன்னான். நிறுத்தியதுதான் தாமதம், முள் தடாலென்று பூஜ்யத்தில் விழுந்தது.

"பிடிச்சேன்!" என்றான். "பம்ப்புல சின்னதா ஒரு வால்வு இருக்கு. இன்ஜினை நிறுத்தினாலும் குழாயில இருக்கற பெட்ரோலைப் பின்னாடி ஓடவிடாமப் பிடிச்சு வெக்கணும். அது தளர்ந்துபோச்சு. அழுத்தம் இல்லாத பெட்ரோல் இந்தச் சூட்டுல கொதிச்சு ஆவியாயிடுது. ஆவியைக் குடிச்சு எந்த இன்ஜின் ஓடும்?"

சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள ஒரு காரியம் செய்தான். பம்ப்புக்குக் கரண்ட் கொடுக்கும் ரிலேயைப் பிடுங்கிவிட்டு, அந்த இடத்தில் ஒரு துண்டு ஒயரைச் செருகினான். "இப்போ சாவியைப் போடு. செல்ஃப் அடிக்காதே."

போட்டாள். பின்னால் எங்கோ 'ஙொய்ங்' என்று பம்ப் முனகியது. முள் ஏறியது.

"அடி!"

கொதிக்கிற இன்ஜின் ஒரே சுற்றில் பிடித்துக்கொண்டது. அவள் ஸ்டீயரிங்கில் தாளம் தட்டினாள்.

"ரொம்ப ஆடாதே. இது சோதனைக்குப் போட்ட ஒயர்." கையைத் துடைத்துக்கொண்டே சட்டையை மாட்டினான். "நான் வால்வு வாங்கிட்டு வரேன். உங்கண்ணன்கிட்ட சொல்லிடு. வியாதி தெரிஞ்சுபோச்சு, ஆனா வால்வை மாத்தி, ரிலேயைத் திரும்ப மாட்டற வரைக்கும் வண்டி ஷெட்டைத் தாண்டக் கூடாது. வக்கீல் மூளை இல்லையா, ரெண்டு தடவையாச் சொல்லு."

அவன் போனதும் அண்ணனைக் கூப்பிட்டாள்.

"அண்ணா, கண்டுபிடிச்சுட்டாரு! சூட்டுலயே ஸ்டார்ட் ஆகுது!"

"அடேங்கப்பா!" என்றார் வக்கீல். "என்ன இருந்தாலும் மாப்பிள்ளை கை மாப்பிள்ளை கைதான்."

சண்டை வந்த நாளிலிருந்து அண்ணன் வாயில் வந்த முதல் நல்ல வார்த்தை. அவள் தூவாத சர்க்கரை. இந்த நேரத்தில் 'வக்கீல் மூளை' என்று எப்படிச் சொல்வது? முள்ளைப் பிடுங்கினாள். முள்ளோடு சதையும் சேர்ந்து வந்துவிட்டது.

"நான் இப்பவே வந்து எடுத்துக்கட்டுமா?"

யோசித்தாள். வண்டியைக் கொடுப்பதற்கு முன்னால் 'இன்னும் ரெண்டு நாள் ஆகும்னு சொல்லு, காத்துக் கிடக்கட்டும்' என்று இழுத்தடிப்பது கணவனுக்கு வழக்கம். பிரேக்குக்கு இழுத்தான், கிளட்சுக்கு இழுத்தான். இதுவும் அந்தக் கோபம்தான் என்று தீர்மானித்தாள்.

"வாங்கண்ணா."

மகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். "தபால் அத்தை, பட்டுவாடா எல்லாம் ஆச்சா?" என்று கன்னத்தைக் கிள்ளினாள் அந்தப் பெண். மலைச்சாலையில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருவதாகச் சொன்னார்கள். மஞ்சள் வண்டி உறுமிக்கொண்டு போனதை வாசலில் நின்று பார்த்துக் கை ஆட்டினாள்.

மெக்கானிக் திரும்பி வந்தபோது ஷெட் காலியாக இருந்தது.

"வண்டி எங்கே?"

"அண்ணன் வந்து..."

"நான் சொன்னதைச் சொன்னியா இல்லையா?"

"சொன்னேன்."

வாயிலிருந்து தானாக வந்தது. அவன் கையிலிருந்த பொட்டலத்தைத் தரையில் வீசினான். அண்ணனுக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. மகளுக்குப் போட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே.

ஷெட் வேனில் ஏறினார்கள். இவ்வளவு வேகமாக அவன் ஓட்டி அவள் பார்த்ததில்லை.

"அந்த ரிலே எதுக்கு இருக்குன்னு தெரியுமா? வண்டி எங்கயாவது மோதி இன்ஜின் நின்னுச்சுன்னா, அந்த நிமிஷமே பம்ப்பையும் நிறுத்தறதுக்கு. இப்போ அது இல்லை. ஒயர் இருக்கு. இன்ஜின் நின்னாலும், சாவி போட்டிருக்கற வரைக்கும் பம்ப் பெட்ரோலைத் தள்ளிக்கிட்டே இருக்கும். குழாய் உடைஞ்சிருந்தா எங்கே கொட்டும்? பழுத்துக் கிடக்கற சைலன்சர் மேல." கியரை ஓங்கி மாற்றினான். "சொல்லியும் எடுத்துட்டுப் போயிருக்கான் பாரு! திமிர்! அந்தப் பொண்ணையுமா கூட்டிட்டுப் போவான்?"

அவள் அண்ணன் செய்யாத தப்பை அண்ணன் தலையிலேயே இருக்கவிட்டாள். போனை மட்டும் அழுத்திக்கொண்டே இருந்தாள்.

மூன்றாவது வளைவில் மஞ்சள் தெரிந்தது.

சற்று முன்புதான் எதிரே வந்த லாரிக்கு ஒதுங்கி, ஓரத் தடுப்புச் சுவரில் மூக்கை இடித்துக்கொண்டு நின்றிருந்தது வண்டி. இடது பக்கம் முழுக்கச் சுவரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கத்துச் சீட்டில் மகள், கதவைத் திறக்க முடியாமல். வண்டியைக் கிளப்பிப் பின்னால் எடுத்தால் மகள் இறங்கிவிடலாம். நியாயமான யோசனைதான். வக்கீலின் கை சாவியில் இருந்தது.

வேனை விட்டு இறங்கியதுமே வாசனை மூக்கில் அடித்தது. வண்டிக்கு அடியில் தார் பளபளத்தது. 'ஙொய்ங்' என்று முனகல் விடாமல் கேட்டது.

"அடிக்காதீங்க! செல்ஃப் அடிக்காதீங்க! சாவியை எடுங்க!" மெக்கானிக் இரண்டு கைகளையும் ஆட்டிக்கொண்டு ஓடினான்.

கண்ணாடியை இறக்கினார் வக்கீல். வருஷக்கணக்காகப் பேசாத மாப்பிள்ளை கத்திக்கொண்டு ஓடி வருகிறான். அவன் சரிபண்ணின வண்டியை இடித்ததற்குச் சண்டை போட வருகிறான் போலிருக்கிறது. அவர் அவன் முகத்தைப் பார்க்கவே இல்லை. பழக்க தோஷம், அவனைத் தாண்டி, பின்னால் வந்த தங்கையைப் பார்த்தார்.

"என்ன சொல்றார் உன் புருஷன்?"

கை சாவியிலேயே இருந்தது.

"எரிஞ்சு சாகப் போறே!" என்று அலறினாள் அவள். அண்ணனை அவள் ஒருமையில் கூப்பிட்டதே இல்லை. "கீழே பெட்ரோல்! சாவியை எடு! எடுடா!"

அந்த 'டா'தான் அவர் மண்டையில் இறங்கியது. சாவியைத் திருப்பி உருவினார். முனகல் நின்றது.

மெக்கானிக் அவரைத் தோளைப் பிடித்து வெளியே இழுத்தான். அதே கதவு வழியாக உள்ளே பாய்ந்து பெண்ணின் பெல்ட்டை விடுவித்து, இடுப்பைப் பிடித்துத் தூக்கி வந்தான். நால்வரும் சாலையின் மறுபக்கம், மேட்டில் தள்ளிப் போய் நின்றார்கள். பெண்ணின் நெற்றியில் வீக்கம், வேறொன்றும் இல்லை.

சொட்டுகிற சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது.

"அத்தனை தெளிவாச் சொல்லி அனுப்பினேனே மச்சான்," என்றான் மெக்கானிக் கடைசியில். குரலில் கோபம்கூட மிச்சமில்லை. "ஷெட்டைத் தாண்டக் கூடாதுன்னு."

"எப்போ? யார் சொன்னா?" வக்கீல் விழித்தார். "வந்து எடுத்துக்கன்னுதானே சேதி வந்துச்சு?"

இருவரும் அவளைப் பார்த்தார்கள்.

"நான் சொல்லலை," என்றாள். "ஆகுதுன்னு மட்டும் சொன்னேன். மிச்சத்தைச் சொல்லலை. நீங்க சும்மா இழுத்தடிக்கறீங்கன்னு நினைச்சேன்."

"நீ சொன்னேன்னு என்கிட்ட சொன்னியே?"

"பொய்."

திட்டியிருந்தால் தேவலாம். அவன் மைத்துனன் பக்கம் திரும்பிக்கொண்டான். "அப்போ போன தடவை பிரேக் விஷயம்? டயரையும் மாத்தணும்னு சொன்னது?"

"டயரா? அதைப் பத்தி ஒரு வார்த்தை வரலையே."

"மழையில எடுக்காதீங்கன்னு?"

"இல்லை, மாப்பிள்ளை."

வழக்கு விசாரிக்கிற மாதிரி ஒன்றொன்றாக எடுத்துப் போட்டார்கள். இத்தனை நாள் அவள் என்னென்னவோ செய்து நடத்திப் பார்க்க நினைத்த காட்சி. இரண்டு பேரும் பேசுகிறார்கள். பெண் மட்டும் நெற்றியைத் தடவிக்கொண்டே அத்தையின் கையைப் பிடிக்க வந்தாள். பாதியில் நின்றுவிட்டாள்.

"எனக்கு ஒண்ணு தெரியணும்," என்றார் வக்கீல். குரல் தணிந்திருந்தது. "நெஞ்சுவலின்னு நான் ஆஸ்பத்திரியில கிடந்தேன் இல்லையா? உள்ளே வர மனசில்லாம ராத்திரி பூரா வெளியே பெஞ்சுல உக்காந்திருந்தீங்கன்னு இவ சொன்னா. அதை நினைச்சுத்தான்... எத்தனை கோபம் வந்தாலும், அந்த பெஞ்சை நினைச்சுக்குவேன். வந்தீங்கதானே மாப்பிள்ளை?"

மெக்கானிக் தன் கைகளைப் பார்த்தான். பிறகு மனைவியைப் பார்த்தான். சொல்லேன், இப்போது ஏதாவது சொல்லேன் என்று கேட்பது போல இருந்தது அந்தப் பார்வை.

அவள் மஞ்சள் வண்டியின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"உங்களுக்கு உடம்பு சரியில்லாமப் போச்சுன்னே இப்பதான் கேக்கறேன், மச்சான்," என்றான் மெக்கானிக்.