கண் திறந்த படம் உண்டா

மூன்று மணிக்கு அடக்கம். அதற்குள் சாலைச் சந்திப்பில் படம் வைத்த அஞ்சலி போர்டு நிற்க வேண்டும். எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்தால், குளிப்பாட்டும் முன்பே டிசைன் செய்கிறவனுக்கு போன் வந்துவிடும். பெருங்கடவிளையில் அந்தப் பாவி நான்தான். இரண்டு கல்யாண வீடியோவை முடித்துக் கொடுத்துவிட்டு முதுகு ஒடிந்து கிடந்தேன்.

அம்பூரியிலிருந்து பினு கூப்பிட்டான். இறந்தது அவன் மாமியார் பங்கஜாட்சி. மாமனார் ராஜையாவின் போனில் இருந்த படங்களை எல்லாம் வாட்ஸாப்பில் அள்ளிக் கொட்டியிருந்தான். ஒன்றுகூட உருப்படியில்லை. எல்லாவற்றிலும் அந்த அம்மாள் கண்ணை மூடி, சேலைத் தலைப்பால் வாயையும் பொத்தியிருந்தார்.

"கண்ணு தொறந்த படம் ஒண்ணு உண்டா பினு?"

"இல்லண்ணா. ஆதார்ல உள்ளத கண்டா ஆளே தெரியாது. எப்பிடியாவது ஒப்பேத்துங்க."

எப்படியாவது. இந்த ஒரு சொல்லில்தான் என் பிழைப்பே ஓடுகிறது.

ஒரு படத்தில் மகள் ஷெமி பக்கத்தில் நின்றாள். அம்மையின் அதே முகவெட்டு. அவள் கண்ணையும் வாயையும் வெட்டி அம்மாளுக்கு ஒட்டினேன். கொஞ்சம் சுருக்கம் போட்டு, நிறத்தையும் சேர்த்து அனுப்பினேன்.

"கிறுத்தியம் அண்ணா, அச்சு அசல் அம்மையேதான்" என்றான் பினு.

அப்பாடா என்று அச்சுக்கு அனுப்பப் போகும்போது ஷெமி கூப்பிட்டாள். அழுது குரல் கட்டியிருந்தது.

"அண்ணா, இது நானாக்கும். நான் செத்துப்போய் போர்டுல இருக்கது போல இருக்கு. எனக்கு அம்மையத்தான் வேணும்."

எனக்கு எரிச்சல்தான் வந்தது. "எல்லாத்திலயும் கண்ண அடச்சிட்டுல்லா நிக்காவ. நான் என்ன செய்யட்டு மக்கா?"

போன் கைமாறியது. ராஜையா பேசினார்.

"அடச்சதில்ல மக்கா, சிரிக்கா. சிரிச்சா அவளுக்கு கண்ணு காணாது. பல்லு எடுப்புன்னு வெக்கப்பட்டு வாயப் பொத்துவா. எல்லாம் நான் எடுத்ததாக்கும். என்னவாவது சொல்லி சிரிக்க வச்சிட்டுதான் எடுப்பேன்."

படங்களை மறுபடி திறந்தேன். அவ்வளவு நேரம் அந்த முகத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி வெட்டியும் அது சிரிப்பென்று எனக்குத் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. ஒட்டியதையெல்லாம் அழித்துவிட்டு, வாயைப் பொத்திச் சிரிக்கும் ஒரு படத்தை அப்படியே வைத்தேன்.

போர்டை நானே பைக்கில் கொண்டுபோய்க் கட்டினேன். ரப்பர் பால் எடுத்துவிட்டு வந்த ஒரு பெண் வாளியை இறக்கி வைத்து நிமிர்ந்து பார்த்தாள்.

"எட்டி பங்கஜாட்சி, அவரு இப்ப என்னட்டி சொன்னாரு?" என்று போர்டைப் பார்த்துக் கேட்டுவிட்டு, ரோட்டோரத்திலேயே உட்கார்ந்து அழுதாள்.