இத்தோவுக்கு வெள்ளை உடுத்திய கதை

1

இது திட்டு வாங்கி வளர்ந்த கதை. அரசு கொண்டுபோய்த் தொலைத்தவர்களைப் பற்றி ஊர் ஊராக வாக்குமூலம் பதியும் குழுவில் நான் எழுத்தர். அட்லஸ் மலைப் பக்கம் இத்தோ என்பவளிடம் பதிந்தபோது, எனக்கென்று ஒரு கதையும் எழுதத் தொடங்கினேன். அவள் கணவன் ஹத்தூவை ஆட்டுச் சந்தையிலிருந்து சிப்பாய்கள் இழுத்துப்போய் முப்பது வருடத்துக்கு மேலாகிறது. எழுதியதை அவளுக்கே வாசித்துக் காட்டியதுதான் வினை.

2

முதல் தொடக்கம்: ஹத்தூ தங்கமான மனிதன். பொய்யென்றால் என்னவென்றே...

"நிறுத்து புள்ள. யாரு தங்கம்? சீட்டாட்டத்துல அப்படிக் கள்ளாட்டம் ஆடுவாரு. தம்பி பொண்டாட்டியக்கூட ஏமாத்தாம விட்டதில்ல. அத எழுது."

"எழுதினா, அப்படிப்பட்ட ஆளப் பிடிச்சது சரிதான்னு எவனாவது சொல்லுவாம்மா."

"சீட்டுல ஏமாத்தினதுக்கு எந்த ஊர்ல ஆளையே இல்லாம ஆக்குறான்?"

(கள்ளாட்டத்தைச் சேர்த்துவிட்டேன். அதன் பிறகுதான் ஹத்தூவை எனக்குப் பிடிக்க ஆரம்பித்தது.)

3

முடிவு: பொது விசாரணை மேடைக்கு இத்தோ வருகிறாள். கணவனைப் பறிகொடுத்த எங்கள் பெண்கள் உடுத்தும் வெள்ளையில், தலை முதல் கால் வரை. கூட்டம் எழுந்து நிற்கிறது. எனக்கே கண் கலங்கியது, அவ்வளவு நன்றாக எழுதியிருந்தேன்.

"வெள்ளையா? நீயே உடுத்திக்க."

நியாயமான கோபம். 'இறந்துவிட்டார்' என்று அவள் ஒப்புக்கொண்டால் கோப்பை மூடிவிடலாம் என்று மேலிடம் காத்திருக்கிறது. மூடினால், பிடித்துப்போனவர்களை அடைத்துவைத்த பழைய கொட்டடிக்குப் பின்னால் யாரும் தோண்டப் போவதில்லை. முடிவு அழகாக வரவேண்டும் என்ற அவசரத்தில் அந்தக் கோப்பை நானே மூடிக் கொடுக்கப் பார்த்திருக்கிறேன்.

4

இன்னொரு முடிவு: ஹத்தூ திரும்பி வருகிறான், சட்டைக் கைக்குள் ஒரு சீட்டை ஒளித்துக்கொண்டு...

[இதற்குச் சிரித்தாள். பிறகு தாளை என் கையிலிருந்து வாங்கிக் கவிழ்த்து வைத்தாள். அந்த முடிவை அடித்துவிட்டேன்.]

5

ஒன்று மட்டும் எனக்கு விளங்கவேயில்லை. கேட்டேவிட்டேன்.

"அவரு வருவாருன்னு இன்னும் நம்புறீங்களாம்மா?"

எழுந்துபோய்ப் பெட்டியைத் திறந்தாள். மடிப்புக் கலையாத வெள்ளை உடுப்பு.

"எனக்குத் தெரியாதா புள்ள? தச்சு வெச்சு எத்தனையோ வருசமாச்சு. அவர எங்க போட்டாங்கன்னு அவனுங்க சொல்லட்டும். அன்னிக்கே உடுத்திக்கறேன்."

6

ஆகவே முடிவை நான் எழுதப் போவதில்லை. அந்தக் கொட்டடியில் காவல் நின்றவர்கள் சிலர் ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு இதே ஊரில்தான் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவராவது கதை வாசிப்பவராக இருக்கக்கூடும்.

ஐயா, மீதியை நீங்கள்தான் எழுதவேண்டும். அழகாக எழுத வேண்டாம். இடத்தைச் சொன்னால் போதும்.