மாமனாரை விட்டுவிட்டுப் போன விமானம்

1

இந்தக் கதை என் தங்கையிடமிருந்து கறந்தது. அவள் என் சமையலறையில் நின்று அழுதாள். நான் முதுகைத் தடவிக்கொடுத்தேன். தடவிக்கொண்டே இதை எங்கே ஆரம்பிக்கலாம் என்று யோசித்தேன். எழுதுகிறவர்களை அக்காவாக வைத்திருப்பதில் இந்த ஆபத்து உண்டு.

முதல் தொடக்கம்: ‘இரும்புப் பறவைகள் வானத்தை முத்தமிடும் அந்தக் காலையில்...’ தூ. விமான நிலையம் என்றதும் கைக்குப் பறவை வந்துவிடுகிறது.

இரண்டாவது: ‘அவள் கண்ணாடி முன் நின்று சீருடையைச் சரிசெய்தபடி...’ கண்ணாடி பார்க்க அவளுக்கு ஏது நேரம்? அடித்துவிட்டேன்.

2

தங்கை விமான நிலையத்தில் ஆபரேஷன்ஸ் ஏஜென்ட். (விமானப் பணிப்பெண் அல்ல. எங்கள் சொந்தக்காரர்களுக்கு இது இந்த ஜென்மத்தில் விளங்காது. “உள்ளே என்ன சாப்பாடு குடுப்பீங்க?” என்று இன்னும் கேட்கிறார்கள்.) ஒரு விமானம் வந்து நின்றதிலிருந்து மறுபடி கிளம்பும்வரை அது அவள் தலையில். எரிபொருள் நிரப்புகிறவர், கூட்டுகிறவர், பெட்டி ஏற்றுகிறவர், விமானி எல்லோரையும் காதில் மாட்டிய கருவி வழியாக விரட்டி, கதவைச் சாத்தி அனுப்பவேண்டும். நேரத்துக்குக் கிளம்பினால் நிறுவனத்தின் பெருமை. தாமதமானால் அவள் குற்றம்.

3

அவளுடைய மாமனார் ஓய்வுபெற்ற அதிகாரி. என்ன அதிகாரி என்று கேட்டால் கோபம் வரும். (இவ்வளவு மட்டமான ஆளை வாசகர் நம்பமாட்டாரே என்று கொஞ்சம் நல்ல குணம் சேர்த்துப் பார்த்தேன். செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவார் என்று எழுதினேன். தங்கை படித்துவிட்டு, “அவரா? ஊத்துறது நான்க்கா,” என்றாள்.)

அவருடைய மகள், அதாவது தங்கையின் நாத்தனார், வேறு ஊரில் வேலை பார்க்கிறாள். தனக்குப் பிடித்தவனை அன்று மதியம் பதிவுத் திருமணம் செய்யப்போகிறாள் என்று காலையில் தகவல் வந்தது. தடுக்கக் கிளம்பினார் மாமனார். தங்கை வேலை பார்க்கும் விமான நிலையத்தில் பெட்டியை ஒப்படைத்துவிட்டு, பழைய நண்பர் ஒருவரைப் பார்த்ததும் காபிக் கடையில் உட்கார்ந்துவிட்டார். ஒலிபெருக்கியில் அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். “கேட்டியா? என் மருமகதான் அங்க எல்லாம். நான் போகாம வண்டி நகராது,” என்றார். மறுபடி கூப்பிட்டார்கள். அதையும் ரசித்தார்.

4

அவர் வந்தபோது விமானத்துக்குப் போகும் வாயில் மூடியிருந்தது. தங்கை அங்கே நின்றிருந்தாள்.

“மாமா, க்ளோஸ் பண்ணியாச்சு.”

“திற.”

“முடியாது மாமா.”

“அங்க நிக்குதே! கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிக்குதே! எனக்கென்ன கண்ணு அவிஞ்சா போச்சு?”

நின்றதற்குக் காரணம் அவரேதான். ஏறாத பயணியின் பெட்டி விமானத்தில் போகக்கூடாது. கீழே ஆட்கள் அவர் பெட்டியைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

அவர் மகனைப் போனில் அழைத்து அவளிடம் நீட்டினார்.

“என்னங்க, கதவு சாத்தியாச்சு.”

“எப்படியாவது விட்டுடேன். வீட்டுக்கு வந்தா அவர் பேச்சை யார் கேக்கிறது?”

(தங்கை வீட்டுக்காரரைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தேன். மேலே அவர் பேசியதே போதும்.)

போனைத் திருப்பிக் கொடுத்தாள். அடுத்த வாயிலில் வரிசையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்க, மாமனார் சொன்னார்: “என் பையன் பெரிய மனசு பண்ணி உன்னை வேலைக்கு அனுப்புறான். இல்லேன்னா அடுப்படியில கிடக்கவேண்டிய நாய் நீ.”

அப்போது அவள் காதில் மட்டும் விமானியின் குரல்: “பெட்டி இன்னும் கிடைக்கலையாம். ஆள் வந்துட்டாரா? வந்திருந்தா அனுப்புங்க, ஏத்திக்கிட்டுப் போயிடலாம்.”

ஏற்றியிருக்கலாம். அனுமதியே வந்துவிட்டது.

அவள் நாலடி தள்ளிப்போய், அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சொன்னாள்:

“வரல, கேப்டன்.”

5

பெட்டி கிடைத்தது, இறக்கினார்கள், விமானம் போனது. அடுத்த விமானம் மாலையில்தான். மதியம் மகள் கையெழுத்துப் போட்டுவிட்டாள். மாமனார் சாப்பாட்டுத் தட்டை விசிறியடித்தார். தங்கையின் கணவர் அவளிடம் பேசுவதை நிறுத்தினார். (அவர் பேசாமலிருப்பது தண்டனை என்று அவருக்கு யார் சொன்னார்களோ.)

பிறகு நாத்தனார் போன் செய்தாள்.

“அண்ணி, எனக்காகத்தானே கதவை மூடினீங்க? சாகிறவரைக்கும் மறக்கமாட்டேன்.”

“நல்லா இரும்மா,” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள் தங்கை. நேரே என் வீட்டுக்கு வந்தாள்.

“அக்கா, அந்த நிமிஷம் அவ கல்யாணம் எனக்கு ஞாபகத்துலயே இல்ல. அந்த ஆளை அங்கேயே நிக்க வைக்கணும்னு தோணுச்சு, அவ்வளவுதான். வேலையில இதுவரைக்கும் பொய் சொன்னதில்லக்கா.”

6

இப்போது முடிவு.

(அ) ஒரு பெண்ணின் காதலைக் காப்பாற்ற வேலையையே பணயம் வைத்தாள். கண்ணீர், கைதட்டல். இதைத்தான் நீங்கள் விரும்புவீர்கள் என்று தெரியும். உங்கள் ரசனையை நான் அறியாதவளா?

(ஆ) உண்மை வெளியே வந்து வேலை போகிறது. அவள் சன்னலோரம் நின்று, மேலே போகும் விமானத்தை... சீ, மறுபடி வானம்.

(இ) மாமனார் திருந்துகிறார். இதை எழுத ஆரம்பித்ததும் எனக்கே சிரிப்பு வந்து பேனாவை வைத்துவிட்டேன்.

நடந்தது இதுவரைதான். நாத்தனார் கணவனோடு ஞாயிற்றுக்கிழமை வருகிறாள். அப்பாவைப் பார்க்க அல்ல. அண்ணியின் கையைப் பிடித்து, எல்லோர் முன்னாலும் நன்றி சொல்லப்போகிறாளாம்.

“நான் என்னக்கா சொல்றது?” என்று கேட்டாள் தங்கை.

இதைக் கதையாக எழுதட்டுமா என்று கேட்டேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். மாமனாரைக்கூட அப்படிப் பார்த்திருக்கமாட்டாள்.

“எழுதிக்கோ. ஆனா என்னை நல்லவளாக்கிடாதே.”

அதனால் நான் இங்கேயே நிறுத்திக்கொள்கிறேன். நாத்தனார் கையை நீட்டும்போது தங்கை வாயில் எந்தச் சொல்லை வைப்பது என்பது உங்கள் பாடு. நல்ல சொல்லாக ஒன்று உடனே தோன்றினால், அதைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி யோசியுங்கள்.