அண்ணி சுருக்கிய சேதி

கார் ஷெட்டின் இரண்டு கதவுகளையும் தம்பி அகலத் திறந்து வைத்தான். மூடிய இடத்தில் இன்ஜின் ஓடினால் புகை ஆளைச் சாய்த்துவிடும்.

அப்பா இறந்த பிறகு அவருடைய அந்தக் கார் நகரவே இல்லை. விற்றுவிடலாம் என்றான் அண்ணன். கூடாது என்றான் தம்பி. அந்தச் சண்டையில் பேச்சு நின்றது. ஒரே வீடுதான். மாடியில் அண்ணன், கீழே தம்பி, நடுவில் ஒரு படிக்கட்டும் அண்ணியும். எந்தச் சேதியும் அண்ணி வழியாகத்தான் ஏறும், இறங்கும்.

நாளைக் காலை தம்பிக்கு மருந்துக் கம்பெனியில் புது வேலை. ஊர் ஊராகச் சுற்ற வேண்டும். சொந்த வண்டி இருந்தால்தான் வேலை. கார் கிளம்பவில்லை என்றால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

அதனால் அவன் அவசரப்படவில்லை. டேங்கில் நாறிப்போயிருந்த பெட்ரோலை இறக்கிவிட்டுப் புதிது ஊற்றினான். எலி வயரைக் கடித்திருக்கிறதா என்று டார்ச் அடித்துத் துழாவினான். ஆயில் கம்பியை உருவித் துடைத்து, மறுபடி விட்டுப் பார்த்தான். அளவு சரி. ரேடியேட்டரும் சரி. நேற்று வாங்கிய பேட்டரியை மாட்டினான்.

கடைக்குக் கிளம்பிய அண்ணி, பையோடு ஷெட்டில் எட்டிப் பார்த்தாள். "உங்க அண்ணன் பார்த்துப் பண்ணச் சொன்னார்."

"அவ்வளவுதானா அண்ணி? திட்டியிருப்பாரே."

"திட்டையெல்லாம் நான் சுமக்கிறதில்லப்பா. பையே கனமா இருக்கு."

அவள் தெருமுனை திரும்பினாள். தம்பி பானெட்டை அடித்துச் சாத்தினான்.

மாடியில் பாதி முகம் மழித்திருந்த அண்ணனுக்கு அந்தச் சத்தம் கேட்டது. அடுத்து, கார்க் கதவின் சத்தம். பிளேடு கன்னத்தில் நின்றது. இவ்வளவு சீக்கிரமா? ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினானா?

"ஏய், அவன்கிட்ட உடனே…" என்று திரும்பினான். அறையில் யாரும் இல்லை.

சோப்பு நுரையோடு பால்கனிக்கு ஓடினான்.

"டேய், சாவியைத் தொடாதே."

தம்பியின் விரல்கள் சாவியிலேயே உறைந்தன. கேட்டே பழக்கம் விட்டுப்போன குரல் அது. அவன் இறங்குவதற்குள் அண்ணன் படிகளைத் தாவி வந்துவிட்டான்.

"பிளக்கைக் கழட்டினியா?"

"எதுக்கு?"

"நேத்து நீ பேட்டரி வாங்கப் போனப்ப சிலிண்டருக்குள்ள எண்ணெய் ஊத்தினேன். பிஸ்டன் துருப்பிடிச்சிருந்தா இளகட்டும்னு. கொஞ்சம் தாராளமாவே ஊத்திட்டேன். பிளக்கை மாட்டினபடி சுத்தவிட்டா எண்ணெய் வெளியே போக வழியில்ல. உள்ள பிஸ்டனைத் தள்ளற ராடு வளைஞ்சிடும்."

தம்பி சாவியை உருவி எடுத்தான். "யாரும் சொல்லலையே."

"உங்க அண்ணிகிட்ட சொல்லி அனுப்பினேனே."

"என்னன்னு?"

அண்ணன் கன்னத்து நுரையை வழித்துக்கொண்டான். "நான் எண்ணெய் ஊத்தினது தெரியாம அந்த மரமண்டை பிளக்கைக் கூடக் கழட்டாம சாவியைத் திருப்பி, வண்டியைக் குட்டிச்சுவராக்கிடப் போறான்னு."

"எனக்குப் 'பார்த்துப் பண்ணு'ன்னு மட்டும்தான் வந்துச்சு."

இருவரும் தெருமுனையைப் பார்த்தார்கள். அண்ணி திட்டை வெட்டியபோது அதில் ஒட்டியிருந்த எண்ணெயும் சேர்ந்து போயிருக்கிறது. அவளைக் குறை சொல்ல வாய் வரவில்லை. இத்தனை நாள் இந்த வீட்டில் அடிதடி நடக்காததற்குக் காரணமே அந்தக் கத்தரிதான். ஒருவேளை, நேருக்கு நேர் பேச வேண்டிய கட்டாயம் வராததற்கும்.

"நான் சொல்லி அனுப்பினது உங்களுக்கு எப்படி வரும்?"

"ரொம்ப மரியாதையா வரும். அதான் சந்தேகமாவே இருக்கும்."

ஸ்பேனரை அண்ணன் எடுத்தான். பிளக்குகள் வெளியே வந்தன. இன்ஜினுக்குப் பெட்ரோல் பாயாதபடி பம்ப்பின் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு, தம்பி சாவியை நிறுத்தி நிறுத்தித் திருப்பினான். ஓட்டைகளிலிருந்து எண்ணெய் சீறி அண்ணனின் பனியனை நனைத்தது. வரவேண்டியதெல்லாம் வந்து தீர்ந்ததும் துடைத்து, எல்லாவற்றையும் திரும்ப மாட்டினார்கள்.

மூன்றாவது முயற்சியில் இன்ஜின் இருமியது. பிறகு பிடித்துக்கொண்டது. நீலப் புகை கதவு வழியே வெளியேறியது.

"மிதிக்காதே. அதுவா சூடாகட்டும்."

தம்பி காலை எடுத்தான். புகை மெலிந்து, சத்தம் சீரானது. நாளைக்கு வேலைக்குப் போய்விடலாம். விற்கச் சொன்னவர் எதற்காக எண்ணெய் ஊற்றினார் என்று கேட்க நினைத்தான். வாயில் வந்தது வேறு.

"ஒரு சுத்து வர்றீங்களா?"

"பிரேக் பிடிக்குமான்னே தெரியாத வண்டியிலயா?" என்ற அண்ணன், கேட்டைத் திறக்க முன்னால் நடந்தான். "வாசலுக்குள்ளயே நாலு தடவை மிதிச்சுப் பாரு. நான் ஓரமா நிக்கிறேன்."