ஸஹீலாவின் துணி

கஜேந்தினியின் தையல் அறையில் ஒரு சுவர் முழுக்கப் பலகைத் தட்டுகள். கணவன் ஜெயந்தன் அடித்துக் கொடுத்தவை. கதவு போடத்தான் அவனுக்கு நேரம் கிடைக்கவில்லை. முள்ளியவளையில் அவர்களுடைய வீட்டுக்கு முன்னாலிருந்த ரோட்டைக் கிண்டத் தொடங்கிய பிறகு, டிப்பர் லொறி போகும்போதெல்லாம் செம்புழுதி யன்னலால் உள்ளே வந்து துணிகளில் படிந்தது. பள்ளிக்கூடச் சட்டைக்குக் கொடுத்த வெள்ளைத் துணியை உதறிப் பார்த்த தாய் ஒருத்தி, முகத்தைச் சுழித்துக்கொண்டு அதைத் திருப்பி எடுத்துப் போனாள். இனியும் தட்டுகளைத் திறந்தபடி வைத்திருக்க முடியாது என்று கஜேந்தினிக்கு விளங்கியது.

மூடுவதற்கு அகலமான துணி வேண்டும். அவளிடம் இருந்ததெல்லாம் வெட்டுத் துண்டுகள். அடித்தட்டில் மட்டும் ஒரு பொதி கிடந்தது. பாசிப்பச்சை நிறம், கையில் வழுக்கும் துணி, ஓரமெல்லாம் பொன்னிறத்தில் சின்னப் பூக்கள். நீராவிப்பிட்டியிலிருந்து பரீனா தன் மகள் ஸஹீலாவின் நிக்காஹ்வுக்கு நீளக் கவுண் தைக்கக் கொண்டுவந்து கொடுத்தது. அளவும் எடுத்தாயிற்று. வெட்டப்போகும் நேரத்தில், மாப்பிள்ளை வீட்டார் பின்வாங்கிவிட்டார்களாம் என்று கதை வந்தது. பரீனா பிறகு அந்தப் பக்கம் வரவேயில்லை. மாரி போய்க் கோடையும் வந்துவிட்டது.

"ஒருக்கா போன் எடுத்துக் கேளும்," என்றான் ஜெயந்தன்.

"கலியாணம் குழம்பின வீட்டுக்கு என்னெண்டு எடுத்துக் கதைக்கிறது? அவா இனி வரமாட்டா."

சொல்லும்போது அது இரக்கம் போலத்தான் அவளுக்கே கேட்டது. ஆனால் துணியை விரித்துத் தட்டுக்கு முன்னால் பிடித்துப் பார்த்தபோதே அது அவளுக்குப் பிடித்துப்போயிருந்தது. போன் எடுத்தால் திருப்பிக் கொடுக்க வேண்டி வரும். அவள் எடுக்கவில்லை. துணியை இரண்டாக வெட்டி, ஓரம் மடித்து, மேலே கம்பி போக வழி விட்டுத் தைத்துத் தட்டுகளுக்குத் திரைச்சீலையாகக் கொழுவினாள். அறையே மாறிவிட்டது. வந்தவர்கள் எல்லாம் வடிவாயிருக்கிறது என்றார்கள். முதலில் அவளுக்கு மனம் கொஞ்சம் உறுத்தியது. பிறகு அதுவும் பழகிவிட்டது.

ஒருநாள் பின்னேரம் படலையடியில் குரல் கேட்டது.

"கஜேந்தினி பிள்ளை! நிக்கிறியளோ?"

பரீனா. கஜேந்தினி ஓடிவந்து அறைக் கதவைச் சாத்திவிட்டு, விறாந்தையில் கதிரையை இழுத்துப் போட்டாள். பரீனாவின் முகம் சிரிப்பாயிருந்தது.

"ஸஹீலாக்கு அல்லாஹ் நல்ல இடமாப் பொருத்தித் தந்திட்டான் பிள்ளை. புத்தளத்துப் பெடியன். நாங்கள் அங்க அகதியா இருக்கேக்க பக்கத்து வளவு. அந்தப் பச்சைத் துணிதான் வேணுமாம் அவளுக்கு. எத்தினையோ காட்டியும் வேண்டாமாம். பத்திரமா இருக்குத்தானே?"

"ஓம் அக்கா. இருக்கு."

"ஒருக்காக் காட்டுங்கோவன்."

"உள்ளுக்கு ஒரே புழுதியாக் கிடக்கு அக்கா. துடைச்சு எடுத்து வைக்கிறன். அடுத்த கிழமை வாங்கோ."

பரீனா எழும்பினாள். "வேற ஆரும் எண்டால் இவ்வளவுக்கு எடுத்துத் தைச்சு உடுத்திருப்பினம். உங்களிட்டக் குடுத்தபடியால்தான் நான் பேசாமல் இருந்தனான்," என்று சிரித்துக்கொண்டே போனாள்.

கஜேந்தினி திரைச்சீலையைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். யன்னல் பக்கத்துப் பாதி வெளிறியிருந்தது. மற்றப் பாதி தப்பியிருந்தது.

அடுத்த நாள் ஒரு துண்டை வெட்டி எடுத்துக்கொண்டு வவுனியாவுக்கு பஸ் ஏறினாள். புடவைக்கடைகள் எல்லாம் ஏறி இறங்கினாள். கடைசியாகப் போன கடைக்காரர் துண்டைத் தடவிப் பார்த்தார்.

"இது இப்ப வாறேல்லைத் தங்கச்சி. கிட்டத்தட்ட இதே நிறத்தில ஒண்டு கிடக்கு, தரட்டோ?"

பச்சை சரியாகத்தான் இருந்தது. பூ மட்டும் கொஞ்சம் பெரிது. பரீனா மாதக்கணக்காய்ப் பார்க்காத துணி, நினைவிருக்குமா? வெட்டச் சொல்ல வாய் திறந்தாள். 'உங்களிட்டக் குடுத்தபடியால்தான்' என்ற குரல் காதுக்குள் கேட்டது.

"வேண்டாம் அண்ணை," என்று சொல்லிவிட்டு இறங்கி நடந்தாள்.

பஸ் புளியங்குளத்தில் திரும்பி நெடுங்கேணிப் பக்கம் போகும்வரை என்ன சொல்வதென்று யோசித்துக்கொண்டே வந்தாள். பரீனாவிடம் போய் எல்லாவற்றையும் சொல்லப்போவதாகச் சொன்னதும், வீட்டில் ஜெயந்தன், "நானும் கூட வரட்டோ?" என்று கேட்டான்.

"வேண்டாம். நான்தானே வெட்டினது."

நீராவிப்பிட்டி வீட்டில் பரீனா முன்னால் இரண்டு பாதியையும் வைத்து, நடந்ததைச் சொன்னாள். பொய் சொன்னதையும் சொன்னாள். பரீனா துணியின் மேல்மடிப்புக்குள் விரலை விட்டுப் பார்த்தாள்.

"இதென்ன ஓட்டை?"

"கம்பி போறதுக்கு அக்கா."

பரீனா எழும்பிக் குசினிக்குள் போய்விட்டாள். சட்டிகள் மோதும் சத்தம் கேட்டது.

உள்ளறையிலிருந்து ஸஹீலா வந்தாள். எல்லாம் கேட்டிருக்கிறாள் என்று முகத்தில் தெரிந்தது. துணியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அக்கா, ஒண்டு கேக்கட்டே? இதை வெட்டேக்க, எனக்கு இனிக் கலியாணம் நடக்காது எண்டு நீங்களும் நினைச்சிட்டியள், என்ன?"

புழுதிக்கும் போன் எடுக்காததற்கும் கஜேந்தினி மறுமொழி யோசித்து வைத்திருந்தாள். இதற்கு யோசித்திருக்கவில்லை.

"ஓம்," என்றாள். "நினைச்சனான்."

ஸஹீலா குசினிப் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "உம்மாவும் நினைச்சவா. அதுதான் துணியைக் கேட்டு வரேல்லை. நீங்கள் வாய் திறந்து சொல்லிட்டியள்."

அழுகிறாளோ என்று கஜேந்தினி பார்த்தாள். அவள் அழவில்லை. இரண்டு பாதியையும் கட்டிலில் விரித்து, வெளிறிய இடத்தைக் கையால் நீவினாள்.

"இதில கவுண் வருமே?"

"வரும் தங்கச்சி. நல்ல பாதி மேலுக்குக் காணும். வெளிறினது கீழுக்குப் போகட்டும். மேலால நெற் வலைத்துணி விரிச்சால் தெரியாது."

"அப்ப தையுங்கோ. ஆனால் இஞ்ச இருந்து தையுங்கோ அக்கா. இதைத் திரும்ப உங்கட வீட்டை கொண்டுபோக வேண்டாம்."

கஜேந்தினி தலையாட்டினாள். அளவு நாடாவை எடுத்துத் திரும்ப அளந்தாள். ஸஹீலா முன்னையைவிட மெலிந்திருந்தாள்.

ஒவ்வொரு நாளும் சைக்கிளில் போய், அந்த வீட்டு மெசினில் இருந்து தைத்தாள். பரீனா தேத்தண்ணி கொண்டுவந்து வைப்பாள், கதைக்கமாட்டாள். தைத்து முடித்த அன்று கவுணை உட்புறம் திருப்பித் தையல்களைப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு," என்று மகளிடம் சொன்னாள்.

கலியாணத்துக்கு ஸஹீலாவே போன் எடுத்துக் கூப்பிட்டாள். பெண்கள் பக்கத்தில், பச்சைக் கவுணில், அவள் தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டிருந்தாள். நெற் துணிக்குக் கீழே எங்கெங்கே வெளிறியிருந்தது என்று கஜேந்தினிக்கு மட்டும் தெரிந்தது. பக்கத்தில் இருந்த புத்தளத்துப் பெண் ஒருத்தி பரீனாவிடம் கேட்டாள்.

"ஆர் தைச்சது? நல்ல வடிவு."

பரீனாவின் கண் கஜேந்தினியில் ஒருகணம் நின்றுவிட்டு விலகியது.

"இஞ்ச ஒரு பிள்ளை," என்றாள்.

கஜேந்தினி சோற்றைப் பிசைந்தபடி இருந்தாள். எழும்பிப் போனால் இன்னும் பிழையாகிவிடும் என்று, சோற்றைத் தண்ணீரோடு விழுங்கிக்கொண்டு, எல்லாரும் சாப்பிட்டு முடியும்வரை அந்த இடத்திலேயே இருந்தாள்.