தலைகீழ்ப் புனிதர்

காஸ்தல்மோரோ நகராட்சிக் கட்டடத்தின் வெளிச்சுவரில் பழைய சுண்ணாம்பைச் சுரண்டியபோது ஒரு மனிதர் தலைகீழாக வெளிப்பட்டார். ஐந்நூறு வருடத்துக்கு மேல் சுண்ணாம்புக்கு அடியில் தொங்கியவருக்கு வந்த வாழ்வைப் பார்க்க வேண்டுமே! மேயர் தெச்சியோ மூச்சிரைக்க ஓடிவந்தார். கோமான் உபால்தோ ஸ்கார்னிலி பட்டுக் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஓவியத்தில் அந்த ஆளுக்குப் பக்கத்தில் மூன்று முள்ளம்பன்றிகள் போட்ட கேடயம் இருந்தது. அது கோமான் வீட்டுச் சின்னம்.

"எங்க மூதாதை! புனித பேதுரு மாதிரியே தலைகீழா உயிரை விட்டிருக்காரு!" என்றார் கோமான். ஓவியத்தைச் சீராக்கும் செலவு முழுக்கத் தன்னுடையது என்று அங்கேயே அறிவித்தார். ஊர் கைதட்டியது. மறுமலர்ச்சிக் காலக் கலை என்றால் கைதட்ட வேண்டும் என்று அந்த ஊரில் தொட்டில் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

ஓர்னெல்லா கைதட்டவில்லை. அவளுக்குச் சிரிப்பை அடக்குவதே பெரும்பாடாக இருந்தது. ஃபுளோரன்ஸில் கலை வரலாறு படித்துப் பட்டம் வாங்கியவள் அவள். அவள் குடும்பத்தில் அதற்கு முன் பல்கலைக்கழக வாசலை மிதித்தவர் யாருமில்லை. பட்டமளிப்பு நாளில் தலையில் லாரல் இலைக் கிரீடம் வைத்தார்கள். ரோமாபுரிச் சக்கரவர்த்திகள் சூடிய அதே இலை. சந்தையில் குடல்கறிக் கடை வைத்திருக்கும் அம்மா நோர்மா மறுநாளே அதைப் பிய்த்து வாசனைக்காகக் குழம்பில் போட்டுவிட்டாள். கிரேக்கம், ரோம் இரண்டின் பெருமையும் அந்த வீட்டுக்கு உருப்படியாகப் பயன்பட்டது அந்த ஒருமுறைதான்.

பட்டம் வாங்கிய எவரையும் அங்கே டாக்டர் என்றுதான் அழைப்பார்கள். டாக்டர் ஓர்னெல்லா நகர அருங்காட்சியகத்தில் சீட்டுக் கிழித்துக்கொண்டிருந்தாள், அதுவும் தற்காலிகமாக. காப்பாளர் வேலை காலியாகியிருந்தது. நிரந்தர வேலை. அதற்காகத்தான் அவள் படித்தாள், அதற்காகத்தான் அம்மா விடியற்காலையில் குடல் கழுவினாள். கொடுப்பது மேயர் கையில் இருந்தது.

மேயர் கூப்பிட்டனுப்பினார். "டாக்டர், திறப்பு விழாவுல நீங்கதான் பேசணும். பிரபுவோட முன்னோர் ஒரு தியாகின்னு நாலு வார்த்தை. மறுநாளே வேலைக்கான உத்தரவு உங்க கையில."

"அது தியாகி இல்ல சார். பேதுருவை ரெண்டு காலும் சேர்த்துச் சிலுவையில அறைஞ்சிருப்பாங்க. இவன் ஒத்தைக் கால்ல கயித்துல தொங்குறான். பக்கத்துல கேடயமும் தலைகீழா இருக்கு, பாக்கலையா? ஊருக்குத் துரோகம் பண்ணினவனை இப்படித்தான் சுவத்துல வரைஞ்சு அசிங்கப்படுத்துவாங்க."

"கழுத்துல பை இருக்கே? ஏழைங்களுக்குக் கொடுத்த தானம்னு பிரபு சொல்றாரு."

"பைக்குள்ளேருந்து கோதுமைக் கதிர் எட்டிப் பாக்குது. பஞ்சத்துல பதுக்கினவன்."

"முடியைப் பிடிச்சிருக்கிற தேவதைங்க?"

"தேவதைக்குக் கொம்பு எப்ப சார் முளைச்சுது?"

மேயர் ஜன்னலைச் சாத்தினார். "டாக்டர், பழசையெல்லாம் கிளறாதீங்க."

பழசைக் கிளறத்தான் அவளைப் படிக்க வைத்தார்கள் என்பது அவருக்கு மறந்துபோயிருந்தது.

கடைக்கு வந்து அம்மாவிடம் கொட்டித் தீர்த்தாள். நோர்மா ரொட்டியைப் பிளந்து அதில் கறியை அடைத்துக்கொண்டே கேட்டாள்: "சொல்லிட்டுத்தான் போயேன்டி. செத்தவன் வந்து இல்லேங்கப் போறானா?"

"பொய்ம்மா."

"நீ படிச்சது வேலைக்கா, சண்டைக்கா?"

ஓர்னெல்லா கத்தியை எடுத்தாள். வெங்காயம் நறுக்கினாள். கண் எரிந்தது.

விழா நாளில் கோமான் முதலில் பேசினார். பிளேட்டோ, அழகு, நாகரிகம், தன் குடும்பம் என்று ஒரே மூச்சில் ஏறிப்போனார். "எங்க ரத்தத்துலயே கலை ஓடுது" என்று முடித்து அவளிடம் திரும்பினார். "பேசும்மா, பயப்படாம பேசு. உன்னை மாதிரிப் பொண்ணுங்களும் மேடையேறணும்."

உன்னை மாதிரி என்ற அந்தச் சொல் இல்லையென்றால் அவள் நாலு பொய் சொல்லிவிட்டு இறங்கியிருப்பாள்.

"இவர் தியாகி இல்ல. பஞ்ச காலத்துல கோதுமையைப் பதுக்கின கோமான்" என்றாள் ஒலிவாங்கியில். "கையில சிக்கியிருந்தா ஊர் நிஜமாவே தூக்குல போட்டிருக்கும். தப்பி ஓடிட்டார், அதனால படத்தைத் தொங்கவிட்டாங்க. பின்னால குடும்பத்துக்குச் செல்வாக்கு வந்ததும் மேல சுண்ணாம்பு ஏறியிருக்கும். பிரபு சொன்னது ஒண்ணு நிஜம். ரத்தத்துல ஓடியிருக்கு. ஆனா ஓடினது கலை இல்ல, ஆளு!"

கூட்டத்தின் பின்னாலிருந்து யாரோ தொண்டை கிழியச் சிரித்தார்கள். அது நோர்மா. அப்புறம் சதுக்கமே சிரித்தது. கோமானின் முகம் குடல்கறிக்கு ஊற்றும் பச்சைச் சட்னி நிறத்துக்கு வந்தது.

மாலைக்குள் ஓவியத்தின் மேல் பெரிய வெள்ளைப் படுதாவை இறக்கிவிட்டார்கள். வெயில் பட்டால் வண்ணம் கெடுமாம். இவ்வளவு காலத்தில் சுண்ணாம்பு படுதாவாக மாறியதுதான் முன்னேற்றம். காப்பாளர் வேலை கோமானின் மருமகனுக்குப் போனது. அவன் படித்தது குதிரை வளர்ப்பு. ஓர்னெல்லாவின் சீட்டுக் கிழிக்கிற வேலையும் பறிபோயிற்று. "மரபைக் காக்கறது நம்ம கடமை" என்று மேயர் பத்திரிகைக்காரர்களிடம் சொன்னார்.

மறுநாள் காலை சதுக்கத்தில் கூட்டம். வெள்ளைப் படுதாவில் கரிக்கட்டையால் யாரோ ஓர் ஆளை ஒற்றைக் காலில் தொங்கவிட்டிருந்தார்கள். கோட்டுப் பையில் பட்டுக் கைக்குட்டை, தரையை நோக்கித் தொங்கும் கழுத்துப்பட்டை. பக்கத்தில் மூன்று முள்ளம்பன்றிகள் கவிழ்ந்து கிடந்தன. ஓவியம் ஒன்றும் பிரமாதமில்லை, காது இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. ஆனால் ஆள் யார் என்று கேட்க யாருக்கும் அவசியம் வரவில்லை. மரபு நன்றாகவே காக்கப்பட்டிருந்தது.

கடையில் நோர்மா அடுப்பு மூட்டக் கரி தேடினாள். பாதி மூட்டையைக் காணோம். மகளின் விரல்களைப் பார்த்தாள்.

"கையைக் கழுவிட்டு வாடி, வெங்காயம் நறுக்கணும்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "காதை இன்னும் கொஞ்சம் கீழ வெச்சிருக்கலாம்" என்றாள்.