வால்வு பாயின் இடது கை

"கத்திரிக்கோல் எங்கப்பா?" என்று கேட்டார், உடலைக் குளிப்பாட்ட வந்த பள்ளிவாசல் மோதினார்.

சட்டை சுலபமாகக் கழலாவிட்டால் வெட்டித்தான் எடுக்க வேண்டும். விறைத்துப்போன கைகளோடு மல்லுக்கட்டுவது மய்யித்துக்குச் செய்யும் மரியாதை இல்லை. ஜமீர் கத்திரிக்கோலைத் தேடப் போகவில்லை. அத்தா ஷஃபியுல்லாவின் மேல் பட்டனைத் தொட்டுப் பார்த்தான். அது துளைக்குள் போகாமல் துணியோடு சேர்த்துத் தைக்கப்பட்டிருந்தது. லேசாக இழுத்தான். சர்ரென்ற சத்தத்தோடு சட்டை கழுத்திலிருந்து இடுப்புவரை பிரிந்துகொண்டது. பட்டன் வரிசைக்குப் பின்னால், பள்ளிக்கூடப் பிள்ளைகளின் செருப்பில் ஒட்டிப் பிரிப்பார்களே, அந்த வெல்க்ரோ பட்டை நீளமாக ஓடியது.

"இன்னாடா இது, புது ஃபேஷனா கீது?" என்றார் பெரியத்தா ஃபாரூக். கேட்டுவிட்டு, கேட்ட இடம் சரியில்லை என்று அவருக்கே தோன்றியிருக்க வேண்டும். தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பூந்தமல்லியில் அந்தத் தெருவுக்குள் வந்து ஷஃபியுல்லா வீடு எது என்று கேட்டால் நாலு பேர் விழிப்பார்கள். வால்வு பாய் வீடு என்றால் வாசல்வரை கொண்டுவந்து விடுவார்கள். கண்ணாடிக் குடுவைக்குள் சிவப்பாகக் கனியுமே, அந்த வால்வுகளை வைத்துப் பாட்டுக் கேட்பவர்கள் உலகத்தில் இன்னும் இருக்கிறார்கள். கொஞ்ச நஞ்சமில்லை, இருக்கிறார்கள். அந்த ஆம்ப்ளிஃபயர்களில் வால்வு ஜோடியாக உட்காரும். இரண்டும் ஒரே அளவு கரண்ட் இழுக்க வேண்டும். ஒன்று அதிகம் இழுத்தால் சத்தம் கெடும், அப்புறம் அதுவே எரிந்தும் போகும். எந்த வால்வுக்கு எது ஜோடி என்று சோதித்துச் சொல்லும் பெட்டியை ஷஃபியுல்லா தன் கையாலேயே செய்தார். கேட்டவர்களுக்கும் செய்து கொடுத்தார். அந்தப் பெட்டிகளுக்கு டிரான்ஸ்ஃபார்மர் சுற்றித் தந்தது அண்ணன் ஃபாரூக். "எந்தம்பி வால்வுக்கெல்லாம் கல்யாண புரோக்கர்" என்று கடையில் வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் சொல்லுவார்.

மோதினார் இலந்தை இலை போட்ட தண்ணீரை மொண்டு வலது கையில் ஊற்றினார். சுட்டு விரல் நுனியில் மிளகளவு ஒரு கருப்பு. அப்புறம் இடது கையைப் பிரித்தார். உள்ளங்கையின் குறுக்கே வெளிறிப்போன ஒரு கோடு; ஓரங்கள் மட்டும் கருகியிருந்தன.

ஃபாரூக்கின் கையிலிருந்த குவளை வாளிக்குள் விழுந்தது.

மய்யித்துக்குச் சுற்றும் கஃபன் துணியை மடிக்க மோதினார் உள்ளே போன நேரம் பார்த்து, பெரியத்தா ஜமீரைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் இழுத்துக்கொண்டு போனார்.

"பாத்தியா?"

"பாத்தேன் பெரியத்தா. ஷாக்கு."

"டாக்டரு ஆர்ட் அட்டாக்னு எழுதிக் குட்த்துட்டாரு, செரி. ஷாக்காவே இருக்கட்டும். இடது கை எப்டிடா வந்துச்சு?"

பெட்டிக்குள் ஒரு கை போனால் மறு கை பாக்கெட்டில் இருக்க வேண்டும் என்பது ஷஃபியுல்லாவின் சட்டம். இரண்டு கையும் உள்ளே இருந்தால் கரண்ட் ஒரு கையில் நுழைந்து, நெஞ்சைக் கடந்து, மறு கை வழியாக வெளியேறும். அவருக்கு அந்தப் பழக்கம் ஊறி ஊறி, நிக்காஹ் ஃபோட்டோவில்கூட இடது கை ஷெர்வானிப் பைக்குள்தான் இருக்கும். பந்தியில் உட்கார்ந்தாலும் அப்படித்தான். வீட்டில் எல்லோரும் கிண்டல் பண்ணிச் சலித்துப்போன விஷயம்.

"பொறந்த புள்ளைக்குக்கூட இந்த ஊட்ல அது தெரியும்," என்றார் ஃபாரூக். குரல் அடங்கியிருந்தது. "பெட்டியோட தகரத்த ஒரு கைல கெட்டியா புட்ச்சிகினு, இன்னொரு கைல போயி தொட்டுக்கீறான். தெரியாம பண்றதாடா அது?"

"பெரியத்தா, வேணாம்."

"போன வாரம் கடைக்கு வந்தான். பெங்களூர்க்காரன் ஜோடி சேரலன்னு பெட்டிய திருப்பி அனுப்பிச்சானே, அன்னிக்கு. 'போதும்ணே, இனி என்னால ஆவாது'ன்னான். நான் சிரிச்சிகினு டீ வாங்கிக் குட்த்தேன். அல்லாவே, டீ வாங்கிக் குட்த்தேன்டா."

"அதுக்காக..."

"அஸருக்கு அப்புறம் ஜனாஸா. மொத வரிசை சஃப்புல நிக்க வேண்டியவன் நானு. தானா தேடிக்கின மௌத்துன்னு நெஞ்சுல வெச்சிகினு எப்டி நிப்பேன்? என்னால ஆவாது. நான் வர்ல."

அவர் சொன்னால் சொன்னதுதான். சொந்தத் தம்பியின் ஜனாஸாத் தொழுகையில் அண்ணன் நிற்கவில்லை என்றால் காரணத்தை யாரும் விளக்க வேண்டாம். பொழுது சாயும் மஃரிபுக்குள் ஊரே அதைக் கண்டுபிடித்துவிடும். அம்மா அந்தப் பேச்சுக்கு நடுவில்தான் நாலு மாதம் பத்து நாள் வீட்டோடு இத்தா இருக்க வேண்டும். அத்தா அப்படிச் செய்யக்கூடியவர் இல்லை என்று கத்த வேண்டும்போல ஜமீருக்கு இருந்தது. ஆனால் அந்தக் கோட்டை அவனும் பார்த்திருந்தான்.

ஈரத் துணிகளோடு கிடந்த சட்டையை எடுத்துக்கொண்டு உள்ளே போனான். கூடத்தில் பெண்கள் யாசீன் ஓதிக்கொண்டிருந்தார்கள். கதவருகே நின்று அம்மாவைப் பார்த்தான். ஜரினா எழுந்து அடுப்படிக்கு வந்தாள். அடுப்பில் ஒன்றும் இல்லை. காலையில் கழுவிய மீன் மட்டும் சட்டியில் அப்படியே கிடந்தது. அதை யாராவது எடுத்துப் போட்டிருக்கலாம்.

"இத நீதான தெச்ச?"

அவள் சட்டையை வாங்கிப் பிழிந்தாள், உதறினாள், மடித்தாள்.

"ரம்ஜானுக்கு முன்னாடியே வலது கை நடுங்க ஆரம்பிச்சிருச்சுப்பா. பட்டன் போட வரல. நான்தான் போட்டு வுடுவேன். ஒரு நாளு நீ பாத்துட்டு, 'இன்னாம்மா, ஊட்டியும் வுடுவியா'ன்னு கேட்ட. ஞாபகம் கீதா? அவருக்கு ரொம்ப வெக்கமாப் போச்சு. அதுக்கப்புறம்தான் இப்டி தெச்சேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ இன்னா சொன்ன? போன தபா லேசா ஷாக்கு அட்ச்சப்போ, இன்னொரு வாட்டி ஆச்சுன்னா ரூமைப் பூட்டி சாவிய ஏரில போட்டுருவேன்னு சொன்னியா இல்லியா? அந்த ரூமு இல்லாம அவரு உயிரோட இருப்பாரா? சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிக்கினாரு."

"கை நடுங்கிகினு அந்தப் பெட்டில போயி..."

"டீ கிளாஸ் புடிக்கறப்பதான் ஜரினா நடுங்குது, வேலைல உக்காந்தா நின்னுடுதுன்னாரு. நானும் நம்புனேன்."

ஜமீருக்குக் கோபம் வந்தது. மீன் சட்டியைத் தூக்கிச் சுவரில் அடிக்கும் அளவுக்கு வந்தது. நம்பினாளாம். யார் நம்பச் சொன்னது? அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அவன் முகத்தையே பார்த்தாள்.

"நெஞ்சு வலிதானப்பா? டாக்டரு அப்டித்தான சொன்னாரு? நான் கீழ மீன் கழுவிகினு கீறேன், மேல அவரு தனியா... ரொம்ப நேரம் துடிச்சிருப்பாரா?"

"நெஞ்சுதாம்மா. கண்ண மூடித் தெறக்கறதுக்குள்ள போயிருக்கும். ஒண்ணும் தெரிஞ்சிருக்காது."

"அல்லா," என்றாள் ஜரினா. அந்த ஒரு சொல்லில் கொஞ்சம் நிம்மதி இருந்தது.

அவன் மாடிக்குப் போய் அத்தாவின் அறையைத் திறந்தான். பெட்டி மூடி கழற்றியபடியே மேஜைமேல் இருந்தது. காலையில் அவன் ஓடிவந்தபோது அது உறுமிக்கொண்டிருந்தது, அணைத்தவன் அவன்தான். இப்போது பிளக்கையும் உருவிப் போட்டான். அத்தா எப்போதும் செய்வதுபோல, மரப்பிடி போட்ட கம்பியால் உள்ளே தங்கியிருக்கும் கரண்ட்டை வெளியேற்றினான். மேலே நாலு வால்வுகள் சாக்கெட்டில் நின்றன. நாலையும் ஒரே நேரத்தில் பொருத்திப் பார்க்கும் புதுப் பெட்டி இது. ஒவ்வொரு வால்வுக்கும் உள்ளே ஒரு சின்னத் திருகு உண்டு. பெட்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே அதைத் திருப்பி மீட்டரைப் பார்க்க வேண்டும். வேறு வழி கிடையாது.

திருகுகளைச் சுற்றி டார்ச் அடித்துப் பார்த்தான். பார்த்ததும் கீழே இறங்கிப்போய்ப் பெரியத்தாவின் கையைப் பிடித்து மேலே கூட்டிவந்தான்.

"பாருங்க. கோழி சீச்சாப்ல கீது."

நாலு திருகையும் சுற்றித் தகட்டில் கீறல்கள். ஸ்க்ரூடிரைவர் நுனி திருகின் பள்ளத்தைத் தேடித் தேடி வழுக்கிய தடங்கள். ஷஃபியுல்லாவின் பழைய பெட்டி எதிலும் மூடியைத் திறந்தால் முகம் பார்க்கலாம். இது ஒரு நாள் கீறல் இல்லை.

"அத்தாவுக்குக் கை நடுங்கும். ஒரு கையால திருப்ப முடியல. அதான்..." ஜமீர் நாற்காலியில் உட்கார்ந்து செய்து காட்டினான். இடது கையால் பெட்டியின் விளிம்பை இறுகப் பற்றினான். அந்த மணிக்கட்டின்மேல் வலது மணிக்கட்டை அழுத்தி வைத்தான். நடுக்கம் நிற்க முட்டுக் கொடுத்த கை அது. ஸ்க்ரூடிரைவர் வழுக்கி, விரல் கரண்ட் ஓடும் முனையில் பட்டால் போதும். எழுந்து உள்ளங்கையை விரித்துக் காட்டினான். தகரத்தின் விளிம்பு குறுக்கே கோடாகப் பதிந்திருந்தது.

ஃபாரூக் அந்தக் கோட்டை விரலால் தடவினார்.

"சாவறதுக்குப் புடிக்கலியா?"

"வேலை செய்யறதுக்குப் புடிச்சாரு பெரியத்தா."

பெரியத்தாவின் தோள்கள் இறங்கின. சுவரில் சாய்ந்து நின்று மூச்சு விட்டார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த முகம் மாறியது. மனுஷனுக்குத் துக்கம் ஆறிய இடத்தில் உடனே ஒரு குற்றவாளி வேண்டியிருக்கிறது.

"இத்தினி மாசமா நடுங்கிக்கீது. ஒரே ஊட்ல இருந்துகினு ஒருத்தருக்கும் தெரியாமலா? ஜரினாவுக்குத் தெரியாம இருக்குமா? தெரிஞ்சிகினே வுட்டாளா எந்தம்பிய? கேக்கறேன் இப்பவே." அவர் படிக்கட்டுப் பக்கம் திரும்பிவிட்டார்.

"அம்மாவுக்குத் தெரியாது," என்றான் ஜமீர்.

"பின்ன?"

"எனக்குத் தெரியும்."

அவர் நின்றார்.

"ரம்ஜானுக்கு முன்னாடிலருந்தே தெரியும். சொல்ல வேணாம்னாரு. நானும் ஆர்டர் கீதே, முடியட்டும்னு வுட்டுட்டேன்."

அறை கன்னத்தில் விழுந்தது. டிரான்ஸ்ஃபார்மர் சுற்றியே காய்ந்துபோன கை. காது கொய்யென்றது. இன்னொன்று விழும் என்று ஜமீர் காத்திருந்தான். விழவில்லை. பெரியத்தா தம்பியின் நாற்காலியில் உட்கார்ந்து, "அவன் அப்டி பண்ணல. எந்தம்பி அப்டி பண்ணல," என்று திரும்பத் திரும்பச் சொல்லி அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவனைப் பார்க்காமலே தொழுகைக்கு ஒளு செய்யக் கீழே போனார்.

ஜமீர் இறங்கியபோது படியடியில் ஜரினா நின்றுகொண்டிருந்தாள்.

"மச்சான் இன்னாத்துக்கு சத்தம் போட்டாரு? உன் கன்னம் ஏன் இப்டி கீது?"

"ஒண்ணுமில்லம்மா. அத்தாவோட பெட்டிய பாத்து அழுதாரு."

அவள் அவன் கன்னத்தைத் தொட வந்தாள். அதற்குள், மய்யித்தைத் தூக்கிப்போகும் சந்தூக் வந்துவிட்டது என்று வாசலில் குரல் கேட்டது.

பள்ளிவாசலில் அஸர் முடிந்து, சந்தூக்கை இமாமின் முன்னால் வைத்தார்கள். ஜமீர் முதல் வரிசையில் நின்றான். அவனுக்கு வலப்பக்கம் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் கிடந்தது. செத்தவரின் அண்ணனுக்கென்று சொந்தக்காரர்கள் விட்டு வைத்த இடம். ஃபாரூக் வந்தார். இடத்தைப் பார்த்தார். ஜமீரைக் கடந்துபோய், வரிசையின் கடைசியில், செருப்பு வைக்கும் மரத்தட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

இமாம் ஹஜ்ரத் திரும்பிப் பார்த்தார். "தோளோட தோள் சேந்து நில்லுங்க. நடுவுல இடம் வுடாதீங்க."

யாரும் நகரவில்லை. ஜமீர் கடைசிப் பக்கம் பார்த்தான். பெரியத்தா கண்ணை மூடியிருந்தார்.

"அந்த இடத்த யாராச்சும் அடைங்கப்பா," என்றார் ஹஜ்ரத் மறுபடியும்.

பின்வரிசையிலிருந்து ஓர் ஆள் முன்னால் வந்தார். காக்கிச் சட்டை, பஸ் கண்டக்டர். தொழுகைக்கு வந்த இடத்தில் ஜனாஸாவைப் பார்த்து நின்றுவிட்டவர் போலிருந்தது. யார் மய்யித்து என்றுகூட அவருக்குத் தெரிந்திருக்காது. தோள்பையைப் பின்னால் தள்ளிக்கொண்டு ஜமீரின் பக்கத்தில் வந்து தோளை ஒட்டி நின்றார். ஒளு செய்த தண்ணீர் அவர் கையில் இன்னும் காயவில்லை. அந்த ஈரம் ஜமீரின் சட்டைக் கைக்கு மெல்ல ஏறியது.

ஹஜ்ரத் அல்லாஹு அக்பர் என்று தக்பீர் சொன்னார்.